துரை தோட்டத்தில் ஒரு தற்செயல் சந்திப்பு

அரக்குச் சிவப்பில் காஞ்சிபுரம் பட்டுப்புடவை. தலை நிறைய மல்லிகை. காதில் கல் தோடு. காலில் பச்சை நாடா போட்ட ஸ்போர்ட்ஸ் ஷூ.

இந்தக் கோலத்தில்தான் என் அம்மா செங்கல்பட்டுக்கு வெளியே இருக்கும் துரை தோட்டத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சில வருடங்களுக்கு முன், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. போகிற வருகிற நடைப்பயிற்சிக்காரர்கள் எல்லாரும் ஒருமுறை புடவையைப் பார்த்தார்கள், ஒருமுறை ஷூவைப் பார்த்தார்கள், பிறகு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

போன வாரம் பொத்தேரி கல்லூரியில் ஆய்வகப் பணியாளராக நான் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு அம்மா, "இனிமே என்னைப் பத்தி ஒரு வரி எழுதின, அவ்ளோதான்" என்று சொல்லியிருக்கிறாள். அதனால்தான் இந்த வாரம் அவளை வைத்தே ஆரம்பிக்கிறேன்.

"அக்கா, நாம வாக்கிங் வந்துகீறோம். எதேச்சையா வந்துகீறோம். மூஞ்ச கொஞ்சம் எதேச்சையா வெச்சிக்க" என்றார் மாமா. அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் நடக்கும் எல்லாக் குழப்பங்களுக்கும் அவர்தான் முன்னின்று தலைமை தாங்குவார்.

"எதேச்சையான்னா எப்டிடா வெச்சிக்கறது?" என்று அம்மா நிஜமாகவே கேட்டாள். முகத்தைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் மாற்றிப் பார்த்தாள். எப்படி மாற்றினாலும் பெண்ணைப் பெற்றவள் முகமாகத்தான் இருந்தது.

அவள் கையில் ஒரு ஒயர் கூடை. கூடைக்குள் டிபன் கேரியர். கேரியருக்குள் கேசரி.

"வாக்கிங் போறவங்க யாராவது கேசரி கொண்டாருவாங்களாக்கா?"

"கேசரி இல்லாம பொண்ணு பாக்கறதா? நீ போடா" என்றாள் அம்மா.

அந்தப் பொண்ணு நான். ரேவதி. அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது.

கூடத்தில் நடந்த காட்சிகள்

நாங்கள் படாளத்துக்காரர்கள். தாத்தா காலம்வரை விவசாயம். அப்பா ஜிஎஸ்டி ரோடு ஓரத்தில் உரக்கடை வைத்தார். யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊர் நியாயம் எல்லாம் பேசுவார். யாருக்கும் பயப்படாதவர் என்று பெயர். மாப்பிள்ளை வீட்டார் என்ற இனத்துக்கு மட்டும் பயப்படுவார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்து, பஜ்ஜி சாப்பிட்டு, என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கார் வந்து நின்றதுமே தெருவில் எல்லாருக்கும் வாசலில் ஏதாவது வேலை வந்துவிடும். கூட்டிய வாசலையே திரும்பக் கூட்டுவார்கள். வந்தவர்கள் கிளம்பும்போது, "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்பார்கள். அப்படி என்னதான் கலந்து பேசுவார்களோ, வாரக்கணக்கில் பேசுவார்கள். கடைசியில் தரகர் போன் செய்வார்.

ஒரு வீட்டார் நான் உயரம் என்றார்கள். இன்னொரு வீட்டார் நிறம் போதாது என்றார்கள். மூன்றாவது வீட்டில் வாயாடி என்று சொல்லிவிட்டார்கள். என்ன வேலை பார்க்கிறாய் என்று அவர்கள்தான் கேட்டார்கள். ஆய்வகத்தில் என்ன செய்வோம் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வரி. நான் சொன்னது ஒரு பாடம்.

என்னை வேண்டாம் என்றதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. தரகர் போனில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா, "சரிங்க. பரவாயில்லீங்க. உங்களுக்குத்தான் சிரமம்" என்பார். சொல்லிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, எதிரில் ஆளே இல்லாத சுவரைப் பார்த்துக் கை கூப்புவார். கடையில் கடன் கேட்டு வம்பு செய்கிறவனை ஒரு அதட்டலில் விரட்டுகிற அந்த மனுஷன், சுவரைக் கும்பிடுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

அதனால் அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "இதுதாம்பா கடைசி. இவங்களும் வேணாம்னா, இனிமே யார் முன்னாடியும் நான் வந்து நிக்கமாட்டேன்."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மடித்தார். பிறகு, "சரிம்மா" என்றார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. எனக்கு இதோடு முடிந்தது என்பதில் எவ்வளவு நிம்மதியோ, அவருக்கு அவ்வளவு பயம்.

மாமாவின் யோசனை

தெருவுக்குத் தெரியாமல் பெண் பார்க்க எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு குடும்பமும் ஒரே நாளில் ஒரே கோயிலுக்குப் போவார்கள். பிரகாரத்தில் "தற்செயலாக" எதிர்ப்படுவார்கள். "அடடே, நீங்களா?" என்பார்கள். பிடித்தால் மேலே பேசுவார்கள். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டதாகக் கணக்கு. யாருக்கும் தலைகுனிவு இல்லை.

இதில் ஒரே சிக்கல், எல்லாருக்கும் இந்த யோசனை வந்துவிட்டது. திருக்கழுக்குன்றத்துக் கோயிலில் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். தூணுக்கு ஒரு குடும்பம் தற்செயலாக நின்றுகொண்டிருக்கும்.

"கோயிலு வேணாம். தெரிஞ்சவன் எவனாவது வந்து பேஜாரு பண்ணுவான். துரை தோட்டம் போலாம்" என்றார் மாமா. "மல ஏறுறோம், காத்து வாங்குறோம், ஊத்துத் தண்ணி குடிக்கிறோம். எவனுக்கு சந்தேகம் வரும்?"

தரகர் மூலமாக மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லியாகிவிட்டது. அவர்களும் சரி என்றார்கள். மேலே சுனைப் பக்கம் நிற்பதாகச் சொன்னார்கள். சந்தேகம் வராமல் இருக்க, தண்ணீர் பிடிக்க வந்தவர்களைப் போல வருவார்களாம். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை, வளர்த்தது அத்தை. அந்த அத்தை பச்சைப் புடவை கட்டி, கையில் ஒரு கேன் வைத்திருப்பார். அதுதான் அடையாளம். யாரும் யாருக்கும் போன் செய்யக்கூடாது. செய்தால் அது என்ன தற்செயல்?

துரையின் வயிறு

துரை தோட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை.

வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு துரைக்குத் தீராத வயிற்றுக் கோளாறு இருந்ததாம். இந்த மலையில் ஊறுகிற தண்ணீரைக் குடித்துச் சரியாகிவிட்டதாம். அந்த நன்றியில் மலையைச் சுற்றிப் பாதை வெட்டி, கல் படிகள் போட்டு, ஆங்காங்கே கல் பெஞ்சுகள் அமைத்து, மரங்கள் நட்டுவிட்டுப் போனார். வாசலில் அவர் பெயர் வெட்டிய கல் உண்டு. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து அடித்துப் பெயர் மூடிப்போய்விட்டது. துரையின் வயிறு மட்டும்தான் வரலாற்றில் தங்கியது.

மலையில் மூன்று சுனைகள். முதலாவது இரும்புச் சுனை. அதன் தண்ணீரைக் குடித்தால் பஸ் கம்பியை நக்கியது போல இருக்கும். இரத்தம் ஊறும் என்பார்கள். அதற்கு மேலே முட்டைச் சுனை. பெயருக்குக் காரணத்தை மூக்கு சொல்லிவிடும். அது மூட்டுவலிக்கு. உச்சியில் இருப்பது கல்லடைப்புச் சுனை. அதில் ஒரு ருசியும் கிடையாது. அதனாலேயே அதற்குத்தான் மவுசு அதிகம்.

பாதை தவறாமல் இருக்கப் பாறைகளில் மஞ்சள் அம்புக்குறி போட்டிருப்பார்கள். சில பாறைகளில் இரண்டு பக்கமும் அம்பு இருக்கும். வரைந்தவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கையில் கேன்

அப்பாவும் சேர்த்து நாங்கள் நான்கு பேரும் மூச்சு வாங்க ஏறி இரும்புச் சுனையை அடைந்தோம். மாமா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

சுனையைச் சுற்றி செங்கல்பட்டில் பாதி நின்றது. அத்தனை பேர் கையிலும் கேன்.

"இன்னாடா இது?" என்றாள் அம்மா.

மாமா அசரவில்லை. வரிசையைக் கண்ணால் துழாவினார். கடைசியில் பச்சைப் புடவையில் ஒரு அம்மா, பக்கத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். பச்சை என்று அங்கே அது ஒன்றுதான்.

மாமா பாறைக்குப் பின்னால் ஒளிந்து, போனில் மாப்பிள்ளை போட்டோவை எடுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். போட்டோவில் இருந்தவருக்கு மீசை இருந்தது. வரிசையில் நின்றவருக்கு இல்லை.

"இப்ப யாரு மீச வெக்கிறா?" என்றார் மாமா.

போட்டோவில் இருந்தவர் நல்ல சிவப்பு. இவர் என் நிறம்.

"ஸ்டூடியோகாரன் வெளுத்துட்டான்."

"காது கூட வேற மாதிரி இருக்கு மாமா."

"காத வெச்சி இன்னா பண்ணப்போற? வா" என்று கிளம்பிவிட்டார்.

அவர்கள் அருகே போய், அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு, "அடடே! தண்ணி புடிக்க வந்தீங்களா?" என்றார் மாமா. நடிப்பில் அவருக்கு முன் அனுபவம் இல்லை.

அந்த அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஆமாங்க. நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்களா? கேன் எங்க?"

மாமா எங்களை நோக்கி வேகமாகக் கண்ணடித்தார். கேன் என்ற சங்கேதச் சொல் வந்துவிட்டதாம்.

கூரை ஒழுகும் சம்பந்தி

அவர் பெயர் சரோஜா. மகன் பெயர் குமரன். தரகர் சொன்ன பெயர் சிவக்குமரன். "கூப்பிடுறதுக்குச் சுருக்கிட்டாங்க" என்று மாமா என் காதில் ஓதினார். அத்தையை அவர் அம்மா என்று கூப்பிட்டதற்கும், "வளத்தவங்கதான அம்மா" என்று பதில் வைத்திருந்தார்.

இரும்புச் சுனையில் ஒரு கேன் பிடித்தாயிற்று. உச்சிச் சுனைத் தண்ணீர்தான் அவர்களுக்கு முக்கியம் என்றார்கள். "நாங்களும் அங்கதான்" என்று மாமா சொல்ல, எல்லாரும் சேர்ந்தே ஏறினோம்.

ஏறும்போதே விசாரணை தொடங்கியது.

"தம்பிக்கு எங்க வேல?"

"படூர்ல. அபார்ட்மெண்ட்ல மேனேஜரு" என்றார் குமரன்.

படூர் இருப்பது ஓஎம்ஆர் ரோட்டில். தரகரும் மேனேஜர், ஓஎம்ஆர் என்றுதான் சொல்லியிருந்தார். மாமா அப்பாவின் விலாவில் இடித்தார்.

"சொந்த வூடா?"

"சொந்த வூடுதாங்க" என்றார் சரோஜா அம்மா. "ஆனா மழ வந்தா நடு ரூம்ல ஒழுகும். ரெண்டு வருசமா பாத்துகினுதான் கீறோம். இவன் ஆளுங்கள கூப்புடுறேன் கூப்புடுறேன்னு சொல்லிகினே கீறான்."

அப்பா நின்றுவிட்டார். அத்தனை மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்த அனுபவத்தில், வீட்டுக் கூரை ஒழுகும் என்று தானாக முன்வந்து சொன்ன சம்பந்தியை அவர் கண்டதே இல்லை.

"தம்பிக்குக் கெட்ட பழக்கம் எதுனா?" என்றார் மாமா, பொதுவாக வானிலை கேட்பதைப் போல.

"கொறட்ட வுடுவான்" என்றார் அந்த அம்மா. "பக்கத்து வூட்டுக்காரங்க செவுத்த தட்டுவாங்க. அப்புறம் துட்ட கையில வெச்சிக்கத் தெரியாது. எவன் கேட்டாலும் குடுத்துடுவான். மத்தபடி தங்கம்."

"அம்மா!" என்றார் குமரன்.

"இன்னாடா அம்மா? இல்லன்னு சொல்லு பாப்போம்."

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு நல்ல மனுஷங்க" என்று கிசுகிசுத்தாள்.

நீங்கள் கேட்கலாம், முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு கேள்வி கேட்டால் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வராதா என்று. ஏன் வரவேண்டும்? நம் ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலே சம்பளம் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை, ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுவிட்டுத்தான் ஜன்னலைத் திறக்கச் சொல்வோம். அவர்களும் எங்களை அதேபோலக் கேட்டார்கள். அம்மாவின் ஷூ விலையைக் கூடக் கேட்டார்கள்.

முட்டைச் சுனையில் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாரும் ஆளுக்கு ஒரு கை குடித்தோம். "இது ஏன் இப்டி நாறுது?" என்று குமரன் யாரையும் குறிப்பிடாமல் கேட்டார்.

வாயைத் திறக்கக்கூடாது என்று அம்மா காலையிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். ஆனால் கேள்வி என் துறையிலிருந்து வந்துவிட்டது. என்ன செய்ய?

"கந்தகம்" என்றேன். ஆரம்பித்துவிட்டேன். பாறைக்குள்ளே தண்ணீர் எப்படிப் போகிறது, போகிற வழியில் எதையெல்லாம் கரைத்துக்கொண்டு வருகிறது, இரும்புச் சுனை ஓரத்துப் பாறை ஏன் துருவேறிச் சிவந்திருக்கிறது, அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் கேனுக்கு அடியில் ஏன் செம்மண் மாதிரி படிகிறது, எல்லாம் சொன்னேன். குமரன், "ஆமா, படியும். நான் அழுக்குன்னு நெனச்சி கழுவுவேன்" என்றார். சரோஜா அம்மா பாறையில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப மேல கீற தண்ணியில கல்லு கரையுமா கண்ணு? எனக்குக் கிட்னியில கல்லு. வருசக்கணக்கா இதத்தான் குடிச்சிகினு கீறேன்."

அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். வலித்தது. ஆனாலும் சொன்னேன்.

"கரையாதும்மா. தண்ணி நெறைய குடிக்கிறது நல்லது. அது எந்தத் தண்ணியா இருந்தாலும் ஒண்ணுதான். நீங்க டாக்டர்கிட்ட போயிடுங்க."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. மாமியாராக வரப்போகிறவரின் பல வருட நம்பிக்கையைப் பெண் பார்க்கும் இடத்திலேயே உடைத்த முதல் மணப்பெண் நானாகத்தான் இருப்பேன்.

சரோஜா அம்மா என்னையே பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அப்ப இத்தினி வருசமா சும்மாவா தூக்கினு போனேன்? டேய் நைனா, கேட்டியாடா! இந்தப் பொண்ணு ஒரே போடா போட்டுடுச்சி!" சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "போவட்டும். மல ஏறி எறங்கி காலாவது நல்லாகீது."

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. இதுவரை பெண் பார்க்க வந்தவர்களில் நான் பேசும்போது என்னைப் பார்த்தவர்கள் உண்டு, என் பேச்சைக் கேட்டவர்கள் யாரும் கிடையாது. மேலே ஏறும்போது எனக்கு மூச்சே வாங்கவில்லை.

உச்சியில்

உச்சியில் நல்ல காற்று. கீழே ஏரி வெயிலில் மின்னியது. கல்லடைப்புச் சுனை அருகில் கல் பெஞ்சில் அம்மா கூடையைத் திறந்தாள்.

"கேசரியா!" என்றார் சரோஜா அம்மா. "மலைக்குக் கேசரி எட்த்தாந்தீங்களா? இன்னா மனசுங்க உங்களுக்கு!" எல்லாருக்கும் வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தாள் அம்மா. குமரன் இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குச் சம்மதமா என்று கண்ணால் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததே ஒரு பதில்தான். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவரும் ஒரு துண்டு கேசரியை ருசித்துச் சாப்பிட்டார்.

அதைக் கண்ட மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"அப்புறம் இன்னாங்க? எங்களுக்குப் பரிபூரண சம்மதம். நீங்க ஒரு வார்த்த சொன்னா, வர்ற வாரமே தட்டு மாத்திக்கலாம்."

"இன்னா தட்டு?" என்றார் சரோஜா அம்மா.

"அதாங்க. நம்ம தம்பிக்கும் ரேவதிக்கும்."

"எந்தத் தம்பிக்கு?"

"நம்ம குமரன் தம்பிக்கு."

அந்த அம்மா மகனைப் பார்த்தார். மகன் கையிலிருந்த கேசரியைப் பார்த்தார். "இவனுக்கா? இவனுக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு கொயந்தைங்க கீதேங்க!"

குமரன் வாயில் இருந்த கேசரியை விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அம்மா கேரியர் மூடியைத் தேவையில்லாமல் மூடித் திறந்தாள். எனக்கு அந்தச் சுனைக்குள்ளேயே இறங்கிவிடலாம் போல இருந்தது.

மாமா திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார். தரகர், பச்சைப் புடவை, கேன். சரோஜா அம்மாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையெல்லாம் கேசரி நெய்.

"எனக்கு இன்னொரு புள்ள இல்லாம போச்சே கண்ணு. இருந்திருந்தா உன்ன கீழ எறங்கவே வுட்டிருக்கமாட்டேன். இந்தப் பாற மேலயே பூ வெச்சி வூட்டுக்கு கூட்டினு போயிருப்பேன்."

நான் அழுதேன். அவமானத்தில் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். இல்லை. என்னை வேண்டும் என்று ஒருவர் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னவரால் ஒன்றும் செய்ய முடியாது, ஆனாலும் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்போதுதான் மாமாவின் போன் அடித்தது. தரகர். மாப்பிள்ளை வீட்டார் வாசலிலேயே இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறார்களாம்.

வாசலில்

மாப்பிள்ளையின் அத்தை வாசல் பக்கத்துக் கல் பெஞ்சில் அமர்ந்திருந்தார். மாம்பழக் கலர் புடவை. பச்சைக்கு ரவிக்கை சரியாக அமையவில்லையாம். மலை ஏற முடியாது என்று கீழேயே உட்கார்ந்துவிட்டாராம். கையில் புத்தம் புதிய கேன். விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

மாப்பிள்ளை போட்டோவில் இருந்த அதே மீசையுடன் நின்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தார். நாங்கள் போன நேரத்திலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் என்னதான் இருந்ததோ, தலை நிமிரவில்லை.

"வெயில்ல எவ்ளோ நேரம் உக்காரது?" என்றார் அத்தை.

"மன்னிச்சிக்குங்க. எங்க தப்புதான். பெரிய மனசு பண்ணணும்" என்றார் அப்பா. கை கூப்பிவிட்டார். மேலே கேசரி சாப்பிட்ட மனுஷன் கீழே வருவதற்குள் பாதியாகக் குறுகியிருந்தார்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, மூஞ்செல்லாம் வேர்த்து வழியுது? போட்டோல கொஞ்சம் கலரா இருந்துச்சே."

"மலை ஏறினோம்" என்றேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்" என்று அம்மா பின்னாலிருந்து முணுமுணுத்தாள். கேட்டதற்குத்தான் சொன்னேன்.

அத்தை கூடையைப் பார்த்தார். கேரியர் காலி என்று தெரிந்ததும் உதட்டைச் சுழித்தார். "எங்களுக்கு ஒண்ணும் இல்லையா? சரி, போவட்டும்." பிறகு என் காலைப் பார்த்தார். "பொண்ணு வரசொல்ல ஒரு பக்கமா சாய்ஞ்சி வந்த மாதிரி இருந்துச்சி. கால்ல எதுனா கொறயா?"

"அய்யோ, இல்லீங்க. ஒரு குறையும் கிடையாது" என்றார் அப்பா. கை இன்னும் இறங்கவில்லை.

"இல்லன்னா சரி. எதுக்கும் கொஞ்சம் நடந்து காட்டும்மா."

மாப்பிள்ளை அப்போதுதான் போனிலிருந்து தலை தூக்கி என் காலைப் பார்த்தார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நட" என்று அவரால் சொல்ல முடியவில்லை. "நடக்காதே" என்றும் சொல்ல முடியவில்லை. கூப்பிய கை மட்டும் அப்படியே இருந்தது. இப்போது அது என்னைப் பார்த்துக் கூப்பியிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்தேன். நேராக, நிதானமாக, புளியமரம் வரைக்கும். அத்தை பின்னாலிருந்து, "போதும்மா. நல்லாத்தான் நடக்குது. திரும்பி வா" என்றார்.

நான் திரும்பவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் பாறையில் மஞ்சள் அம்புக்குறி மேலே காட்டிக்கொண்டிருந்தது. முதல் படியில் கால் வைத்தேன். அடுத்ததில் வைத்தேன்.

"ரேவதி! ஏய் ரேவதி! அந்தப் பொண்ணு எங்க போய்கினு கீது?" எல்லாம் கலந்து கேட்டது. அம்மா அழைத்தாள். மாமா, "எதேச்சையா... ஒரு தண்ணி குடிக்க..." என்று யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஏறிக்கொண்டே இருந்தேன். காலில் செருப்பு கடித்தது. ஆனாலும் சிரிப்பு வந்தது.

படி திரும்புகிற இடத்தில், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வேகமாக வந்தது. என்னை இழுத்துக்கொண்டு போக மாமாதான் வருகிறார் என்று நினைத்து நடையை எட்டிப் போட்டேன்.

"மெள்ளப் போம்மா" என்று மூச்சிரைக்க ஒரு குரல். அப்பா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஏறி வந்தார்.

"இந்த எடம் வேணாம்னு நீ சொல்லிட்டன்னு நானே அவங்ககிட்ட சொல்லிட்டேன். மெள்ளப் போ. நானும் வரேன்."